92 சதவீதம் தவறு என்றால், எதில் 92? கண்காணிப்புச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பை மட்டும் படித்துப் பகிர்வது, பழைய வீடியோவைப் புதிது என்று போடுவது, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்புவது எல்லாம் இங்கே வராது. தகவல் சரிபார்ப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு அதெல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும். ஆனால் கேமரா, முகம் அறியும் மென்பொருள், ஒட்டுக்கேட்பு என்று ஒரு செய்தி வந்தால், நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். பயம் நியாயமான பயம். அரசும் நிறுவனங்களும் அரைகுறையாகப் பேசுகின்றன. ஆவணம் வெளியே வருவதில்லை. அந்த இடைவெளியில் ஊகம் வந்து உட்கார்ந்துகொண்டு உண்மையின் சட்டையைப் போட்டுக்கொள்கிறது. கீழே வருபவை இந்தத் துறையில் பழைய ஆட்கள் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த பள்ளங்கள்தான். புதியவர்களும் அதே இடத்தில் கால் வைக்கிறார்கள்.

முழு வாக்கியத்துக்கும் ஒரே முத்திரை குத்துவது

"மக்களை வேவு பார்க்க நகரம் முழுக்கக் கேமரா வைத்துவிட்டது போலீஸ்." இது உண்மையா, கருத்தா என்று கேட்டால் பதில் கிடைக்காது. உடைத்துப் பாருங்கள். கேமரா இருக்கிறதா என்பதை எண்ணிவிடலாம். வைத்தது போலீஸா என்பது, பில் யார் பெயரில் இருக்கிறது, மின் இணைப்பு யாருடையது, காட்சி எந்த அறைக்குப் போகிறது என்று விசாரித்தால் தெரிந்துவிடும். 'நகரம் முழுக்க' என்பதை வார்டு வாரியாகப் பார்க்கலாம். 'வேவு பார்க்க' என்பது நோக்கத்தைப் பற்றிய ஊகம். அரசாணையிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் தவிர அதை உண்மை என்று அச்சில் ஏற்ற முடியாது.

ஆகவே உண்மை, கருத்து என்று இரண்டு பெட்டி போதாது. சரிபார்த்தது, சரிபார்க்க முடியும் ஆனால் இன்னும் பார்க்காதது, ஊகம், மதிப்பீடு என்று நான்கு வேண்டும். இரண்டாவது பெட்டியில் இருப்பதை அவசரத்தில் முதல் பெட்டிக்குத் தள்ளுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

எதில் இத்தனை சதவீதம் என்று கேட்காமல் விடுவது

இன்றும் எரிச்சல் மூட்டுகிற தவறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே.

2017 ஜூனில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதி ஆட்டம். கூட்டத்தில் தேடப்படுபவர்களைப் பிடிக்க சவுத் வேல்ஸ் போலீஸ் முகம் அறியும் கேமராக்களை இயக்கியது. மென்பொருள் 2,470 முறை 'இவர் பட்டியலில் இருப்பவர்' என்று எச்சரித்தது. அதில் 2,297 தவறு. கணக்குப் போட்டால் 92 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதில் சந்தேகமில்லை. போலீஸே வெளியிட்ட எண் அது.

'92 சதவீத எச்சரிக்கைகள் தவறு' என்று எழுதினால் அது உண்மை. 'இந்தத் தொழில்நுட்பம் 92 சதவீதம் பேரைத் தவறாக அடையாளம் காண்கிறது' என்று எழுதினால் பொய். முதல் வாக்கியத்தில் வகுக்கும் எண் எச்சரிக்கைகள்; இரண்டாவதில் கேமரா முன் நடந்து போன அத்தனை பேரும்.

இதே குழப்பம் லண்டனில் தலைகீழாக வந்தது. மெட்ரோபாலிட்டன் போலீஸின் சோதனைகளை நேரில் பார்த்து எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அறிக்கை தந்தார்கள். கணக்கில் எடுத்த 42 பொருத்தங்களில் சரி என்று உறுதியானவை 8. போலீஸோ, ஆயிரத்தில் ஒன்றுதான் தவறுகிறது என்றது. ஒருவர் 81 சதவீதம் தவறு என்கிறார், இன்னொருவர் 0.1 சதவீதம் என்கிறார். உடனே 'இரு தரப்புக் கருத்துகள்' என்று தலைப்புப் போட்டு இரண்டையும் அருகருகே வைத்துவிடுவார்கள். இங்கே கருத்தே இல்லை. இரண்டும் எண்கள், இரண்டையும் சரிபார்க்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

எப்படி என்று ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ரயில் நிலையத்தில் ஒரு நாளில் 1,00,000 பேர் கடக்கிறார்கள். அதில் தேடப்படுபவர்கள் 20 பேர். மென்பொருள் சாதாரண ஆளை ஆயிரத்தில் ஒருமுறை தவறாகக் காட்டும். தேடப்படுபவரை நூற்றுக்கு எண்பது முறை சரியாகப் பிடிக்கும். தவறான எச்சரிக்கை சுமார் 100. சரியானவை 16. மொத்தம் 116-இல் 100 தவறு, அதாவது 86 சதவீதம். அதே மென்பொருளை ஆயிரம் பேர் மட்டும் வந்து போகிற, அதில் 500 பேர் பட்டியலில் இருக்கிற ஓர் இடத்தில் வையுங்கள். சரியான எச்சரிக்கை 400, தவறானது ஒன்று வந்தாலே அதிகம். மென்பொருள் மாறவில்லை. தேடப்படுபவர்கள் கூட்டத்தில் எத்தனை அரிதாக இருக்கிறார்கள் என்பது மட்டும் மாறியது.

எனவே சதவீதம் ஒன்று கண்ணில் பட்டால் ஐந்து எண்களைக் கேளுங்கள்:

1. கேமரா பார்த்த முகங்கள் எத்தனை?
2. தேடல் பட்டியலில் எத்தனை பேர்?
3. மொத்த எச்சரிக்கைகள் எத்தனை?
4. அதில் சரி என்று உறுதியானவை எத்தனை, உறுதி செய்தது யார்?
5. ஒத்துப்போகும் மதிப்பெண் எவ்வளவு வந்தால் எச்சரிக்கை என்று வைத்திருந்தார்கள்?

மூன்றாவதும் நான்காவதும் இல்லையென்றால் அந்தச் சதவீதத்தைப் போடாதீர்கள். நான்காவதில் இன்னொரு கண்ணி: 42-இல் 8 உறுதியானது என்றால் மீதி 34-ம் ஆளை நிறுத்தி விசாரித்துத் தவறு என்று முடிவானவை ஆகிவிடாது. ஆளை நிறுத்தாமலே காவலர்கள் ஒதுக்கியவையும் அதில் அடக்கம்.

ஐந்தாவது எண்ணை யாரும் கேட்பதே இல்லை. 2018-இல் அமெரிக்கச் சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ, அமேசானின் ரெகக்னிஷன் மென்பொருளில் 25,000 கைதுப் படங்களை ஏற்றி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் படங்களோடு ஒப்பிட்டது. செலவு 12.33 டாலர். 28 உறுப்பினர்கள் கைதானவர்களின் படங்களோடு பொருந்தினார்கள். மென்பொருளில் இயல்பாக வருகிற 80 என்ற மதிப்பெண் அளவிலேயே ஏசிஎல்யூ ஓட்டிவிட்டது, போலீஸ் வேலைக்கு 99 வைக்க வேண்டும் என்றது அமேசான். ஆக, செய்தி '28 பேர் தவறாகப் பொருந்தினார்கள்' என்பதோடு முடியக் கூடாது. '80 வைத்தபோது' என்பதும் சேர வேண்டும். அடுத்த கேள்வி தானாக வரும்: நிஜத்தில் போலீஸ் எவ்வளவு வைக்கிறது? டெல்லி போலீஸ் 2022-இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குத் தந்த பதிலில், 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு 'எண்பது சதவீதம் சரியாக இருக்கும்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. 80 என்பது இரண்டு படங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மென்பொருள் போடும் மதிப்பெண். அவர் அதே ஆள்தான் என்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை.

இந்தத் தவறுக்கு விலை அதிகம் என்பதற்குக் காரணம், திருத்தம் போட்ட மறுநாளே எதிர்த்தரப்பு முழுக் கட்டுரையையும் ஒதுக்கிவிடும். உள்ளே இருந்த நியாயமான புகாரும் சேர்ந்து போகும். சவுத் வேல்ஸ் விவகாரத்தையே பாருங்கள். எட் பிரிட்ஜஸ் என்ற கார்டிஃப்வாசி தொடுத்த வழக்கில், அந்தப் பயன்பாடு சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 92-ஐ வைத்து அவர்கள் ஜெயிக்கவில்லை. யாரைப் பட்டியலில் சேர்ப்பது, கேமராவை எங்கே வைப்பது என்பதைக் காவலர்களின் இஷ்டத்துக்கு விட்டது, தனியுரிமைப் பாதிப்பை ஒழுங்காக மதிப்பிடாதது, இனம், பாலினம் சார்ந்த பாகுபாடு மென்பொருளில் உண்டா என்று தேவையான அளவுக்குச் சரிபார்க்காதது ஆகிய காரணங்களால்தான் ஜெயித்தார்கள். சதவீதச் சண்டையிலேயே நின்றவர்கள் இந்த மூன்றையும் கவனிக்கவே இல்லை.

அலகைப் பார்க்காமல் தரவரிசை போடுவது

'உலகிலேயே அதிகக் கேமரா அடர்த்தி சென்னையில்' என்ற செய்தி 2021 தொடக்கத்தில் பரவியது. சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் கணக்கு: சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா. அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பேரிடெக் என்ற இணையதளத்தின் வேறொரு பட்டியல் வந்தது. அதில் டெல்லி முதலிடம், சென்னை மூன்றாமிடம், அளவு சுமார் 610. 657-ஐயும் 610-ஐயும் பக்கத்தில் வைத்து 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் 610 என்பது சதுர மைலுக்கு. ஒரு சதுர மைல் 2.59 சதுர கிலோமீட்டர். வகுத்தால் 235 வரும். இரண்டு கணக்குக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். எந்தக் கேமராக்களை எண்ணினார்கள், எந்த எல்லையை நகரம் என்று எடுத்தார்கள் என்று பார்க்காமல் இரண்டில் எதையும் தொடாதீர்கள். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று போலீஸ் ஊக்குவித்ததில் கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தம் செலவில் மாட்டியவை நிறைய. அதையும் சேர்த்து எண்ணிவிட்டு 'அரசின் கண்கள்' என்று எழுதுவது வேறு கதை.

'கிடைக்கவில்லை' என்பதை 'இல்லை' என்று படிப்பது

போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் என்ற மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு குறிப்பிட்டதாக 2022 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றம் சொன்னது. 'பெகாசஸ் இல்லை என்று நிரூபணம்', 'ஐந்து போனில் பெகாசஸ்' என்ற இரண்டு தலைப்புமே இதிலிருந்து வராது.

அதேபோல, பெகாசஸ் குறிவைத்திருக்கலாம் என்று 2021-இல் வெளியான 50,000-க்கும் மேற்பட்ட போன் எண்களின் பட்டியல். எண் பட்டியலில் இருப்பது வேறு, போன் ஊடுருவப்பட்டது வேறு. அப்போது ஆய்வுக்கு வந்தவை 67 போன்கள். தடயம் தெரிந்தவை 37. அதிலும் 14-இல் இருந்தது முயற்சி நடந்ததற்கான அடையாளம் மட்டுமே.

தடயம் கிடைக்காமல் போவதற்குச் சாதாரணக் காரணங்களே போதும். ஆண்ட்ராய்டு போன்கள் ஐபோன் அளவுக்குப் பழைய பதிவுகளை வைத்திருப்பதில்லை. சந்தேகம் வந்ததும் போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு ஆய்வுக்குக் கொண்டுவந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஐபோனாக இருந்தால் முதலில் கடவுச்சொல் போட்ட பேக்கப் எடுங்கள். கடவுச்சொல் இல்லாத பேக்கப்பில் சில பதிவுகள் சேர்வதே இல்லை.

விற்பவர் பேச்சைச் சாட்சியாக எடுப்பது

'போன் நம் பேச்சைக் கேட்டு விளம்பரம் போடுகிறது' என்பதற்குச் சான்றாக 2024-இல் அமெரிக்காவின் காக்ஸ் மீடியா குழுமத்தின் விளம்பரப் பிரசன்டேஷன் ஒன்று சுற்றியது. அது வாடிக்கையாளரைப் பிடிக்கத் தயாரித்தது. தங்களால் முடியும் என்று அவர்கள் சொன்னார்கள் என்பதுவரைதான் உண்மை. மறுபுறம், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தபோது திருட்டுத்தனமாக ஒலிப்பதிவு செய்ததற்குச் சான்று சிக்கவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் பதிவு செய்து வெளியே அனுப்பிய ஆப் சிக்கியது. கேட்ட பயத்துக்கு ஆதாரம் இல்லை, கேட்காத பயத்துக்கு ஆதாரம் கிடைத்தது!

டெண்டரைப் பயன்பாடு என்று எழுதுவது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் முகம் அறியும் அமைப்புக்கு டெண்டர் விட்டது 2019-இல். டெண்டர் விட்டது, வாங்கியது, ஓடுவது: மூன்றும் மூன்று செய்தி.

கம்பத்துக் கேமராவின் படத்தைச் சான்றாகக் காட்டுவது

முகம் அறியும் வேலை பெரும்பாலும் சர்வரில் நடக்கிறது. கம்பத்தில் இருக்கும் கேமராவைப் படத்தில் பார்த்து, அது முகம் அறிகிறதா என்று சொல்ல முடியாது.

'வல்லுநர்கள் சொல்கிறார்கள்'

அந்த வல்லுநர் எந்தத் துறை, அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? இதைக் கேட்காமல் போடாதீர்கள்.

கருத்து என்றதும் தூக்கிப் போடுவது

சரிபார்ப்பில் கொஞ்சம் தேறியவர்கள் செய்கிற தவறு. '2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசுக்குத் திறந்த கதவு' என்று ஒருவர் சொன்னால், கருத்து என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் அடியில் ஒரு பிரிவு இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது என்கிறது 17(2)(அ). பிரிவு இருப்பது உண்மை. கதவு எவ்வளவு அகலம் என்பது கருத்து. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வாசகர் அளந்து பார்க்க முடியும்.

தகவல் உரிமை மனுவில் கருத்துக் கேட்பது

'மக்களை வேவு பார்க்கிறீர்களா?' என்று கேட்டால் மனு திரும்பி வரும். அதிகாரி கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை. ஒப்பந்த நகல், பயன்பாட்டு விதிமுறை நகல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வந்த எச்சரிக்கைகளின் எண்ணிக்கை, அதில் உறுதியானவை, வைத்திருக்கும் பொருத்த அளவு என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 24-இன் கீழ் விலக்குப் பெற்ற அமைப்பா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கெடுவுக்குள் பதில் வராததையும் சட்டம் மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் செய்தியில் 'தர மறுத்தார்கள்' என்று எழுதாதீர்கள், மறுத்து எழுதிய கடிதம் கையில் இருந்தால் தவிர. '30 நாளில் பதில் வரவில்லை' என்று தேதி போட்டு எழுதுங்கள்.