'ஐ ஸிம்ப்ரா': பாட்டைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு என்றால் 'சைக்கோ கில்லர்', 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' என்று இரண்டு பாட்டோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். 1979 ஆகஸ்டில் வந்த 'ஃபியர் ஆஃப் மியூசிக்' ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐ ஸிம்ப்ரா'வை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பேசுகிறவர்களில் பாதிப் பேர் தப்பாகப் பேசுகிறார்கள். நானும் அந்தப் பாதியில் இருந்தவன்தான். பல வருஷம் அதன் வரிகள் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தவிர்க்க வேண்டிய தவறும் அதுவே. காங்கா என்ற கைமேளம் உருளுகிறது, கித்தார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுகின்றன, பல குரல்கள் சேர்ந்து "காட்ஜி பெரி பிம்பா" என்று முழங்குகின்றன. மனசு நேராக ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். தாளத்தைப் பொறுத்தவரை அது சரிதான். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியைக் குழுவும் தயாரிப்பாளர் ப்ரையன் ஈனோவும் விரும்பிக் கேட்ட காலம் அது. ஆனால் சொற்கள் வந்த இடம் சுவிட்சர்லாந்து. ஜிம்பாப்வேயோடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கும் இதே பதில்: 'ஸிம்ப்ரா' என்ற ஒலி 1916-லேயே ஒரு கவிதையில் இருக்கிறது.

அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மன் கவிஞர் ஹ்யூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் சூரிச்சில் ஒரு சின்ன இடத்தில் 'கபரே வால்டேர்' என்ற கேளிக்கை அரங்கைத் திறந்தார்கள். அர்த்தத்தையும் மரபையும் கேலி செய்த 'டாடா' என்ற கலை இயக்கம் பிறந்தது அங்கேதான். 1916 ஜூனில் ஒரு ராத்திரி பால் மேடைக்கு வந்த கோலத்தை அவரே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கால்கள் பளபளக்கும் நீல அட்டைக் குழாய்க்குள், தலையில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட உயரமான தொப்பி. அந்த உடையில் நடக்க முடியாது. விளக்கை அணைத்து, இருட்டில் தூக்கி வந்து நிறுத்தினார்கள். 'காட்ஜி பெரி பிம்பா' என்று தொடங்கும் அந்தக் கவிதையின் அர்த்தமே இல்லாத ஒலிகளை மெதுவாகப் படிக்க ஆரம்பித்தவருக்கு நடுவில் குரல் தானாகவே மாதாகோயில் பூசையில் பாதிரியார் இழுக்கும் ராகத்துக்குப் போய்விட்டதாம். பத்திரிகைகள் பேசிப் பேசிக் கெடுத்த மொழி வேண்டாம் என்பது அவர் கட்சி.

ஆகவே வரிகளுக்கு அர்த்தம் தேடி உட்காராதீர்கள். இணையத்தில் 'மொழிபெயர்ப்பு' என்று யாராவது போட்டிருந்தால் அது கட்டுக்கதை. தலைப்பிலுள்ள 'ஐ' ஆங்கிலத்தின் 'நான்' என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. கவிதையில் அது இன்னோர் அசை, ஜெர்மன் வாயில் 'இ' என்று ஒலிக்கும். அப்புறம், நம் ஊர் ஜதியோடு ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'தகதிமி'க்கு அகராதிப் பொருள் இல்லாவிட்டாலும் மிருதங்கத்தில் அதற்குக் கை இருக்கிறது, கணக்கு இருக்கிறது. பாலின் ஒலிகளுக்கு அப்படி எந்தப் பிடிமானமும் கிடையாது. இசைக்குழுதான் கவிதையை வெட்டி ஒட்டித் தாளத்துக்குள் உட்கார வைத்தது. மூலத்தை வரிக்கு வரி பாடுகிறார்கள் என்று நினைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் குழுவின் பாடகர் டேவிட் பைர்ன், ஈனோ, ஹ்யூகோ பால் என்று மூன்று பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்து பாலும் குழுவில் ஒருவர் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் 1927-லேயே இறந்துவிட்டார். பைர்னுக்குச் சொற்கள் வராமல் தடுமாறியபோது, இந்தக் கவிதையைப் போட்டுப் பார் என்று யோசனை சொன்னவர் ஈனோ.

கித்தார் விஷயத்திலும் ஜாக்கிரதை. ஸ்டுடியோ பதிவில் விருந்தாளியாக வாசித்தவர் கிங் கிரிம்ஸன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி விடாமல் போகும் அந்த வாசிப்பைப் பலர் ஏட்ரியன் பெலூ என்ற இன்னொரு கித்தார் கலைஞரின் கணக்கில் எழுதுகிறார்கள். பெலூ 1980-இல்தான் இவர்களோடு மேடையேறினார்; 1981-இல் ஃப்ரிப்போடு கிங் கிரிம்ஸனிலும் சேர்ந்ததால் குழப்பம் இரட்டிப்பு. காங்கா வாசித்தவர்களில் ஜீன் வைல்டர் என்ற பெயரையும் காணலாம். அதே பெயருள்ள ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் இல்லை, வேறு ஆள்.

1980-இல் வந்த 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தில்தான் குழு திடீரென்று ஆப்பிரிக்கத் தாளத்துக்குத் தாவியது என்று சொல்வது எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் தவறு. கதவு திறந்தது இந்த மூன்று நிமிஷப் பாட்டில். இதைக் கேட்ட கையோடு அந்த ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள், இடைவெளியே தெரியாது. போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். குழுவின் டீனா வேமத் வாசிக்கும் பேஸ் கித்தார் காணாமல் போய்விடும்.

இத்தனையையும் நம்பச் சிரமமாக இருந்தால், பைர்னின் மேடை நிகழ்ச்சியை வைத்து ஸ்பைக் லீ இயக்கிய 'அமெரிக்கன் யுடோபியா' படத்தைப் பாருங்கள். சாம்பல் நிற சூட், வெறுங்கால். பாட்டைத் தொடங்குவதற்கு முன்னால் பைர்ன் பார்வையாளர்களிடம் டாடா கலைஞர்களைப் பற்றியும் ஹ்யூகோ பாலைப் பற்றியும் சாவகாசமாகக் கதை சொல்கிறார், அப்புறம்தான் ஆட்டம்.