20 இன்புட்டுக்கு ஒரே சோதனை: கார்டானோ வேலிடேட்டரின் சுமையைக் குறைப்பது

கார்டானோ பிளாக்செயினில், ஸ்கிரிப்ட் (பணத்தைக் காக்கும் நிரல்) முகவரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு இன்புட்டுக்கும், அதாவது பரிவர்த்தனை செலவழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும், அதை அனுமதிப்பதா என்று சோதிக்கும் வேலிடேட்டர் தனித்தனியாக ஓடும். 20 இன்புட் என்றால் 20 ஓட்டம். ஒவ்வொரு ஓட்டமும் இன்புட் பட்டியலை முழுக்கப் புரட்டினால் மொத்தம் 400 படிகள். மெமரிக்கும் சிபியுவுக்கும் உள்ள உச்சவரம்போ பரிவர்த்தனை மொத்தத்துக்கும் சேர்த்துத்தான். டெஸ்டில் 3 இன்புட்டோடு ஜோராக ஓடிய கான்ட்ராக்ட் பிறகு மூச்சு வாங்குவது இதனால்தான்.

கனமான சோதனையை வித்ட்ராயல் (ஸ்டேக்கிங் ரிவார்டை எடுப்பது) பக்கம் தள்ளிவிடுங்கள். பரிவர்த்தனையில் 0 லவ்லேஸ் (அடா நாணயத்தின் மிகச் சிறிய அலகு) வித்ட்ராயல் ஒன்றைச் சேர்த்தால், அதற்கான ஸ்கிரிப்ட் ஒரே ஒருமுறை ஓடும். இன்புட் எத்தனை இருந்தாலும் சரி. இன்புட்டுக்காக ஓடும் ஸ்பெண்ட் வேலிடேட்டருக்கு மிஞ்சும் வேலை, அந்த வித்ட்ராயல் பரிவர்த்தனையின் வித்ட்ராயல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்.

முதலில் அந்த ஸ்கிரிப்டின் ஸ்டேக் கிரெடென்ஷியலை (ரிவார்டு கணக்கின் அடையாளம்) பதிவு செய்ய வேண்டும். டெபாசிட் 2 அடா. பதிவை நீக்கும் சான்றிதழை ஸ்கிரிப்ட் மறுக்கட்டும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் நீக்கிவிட்டுப் போக, மீண்டும் பதியும்வரை பணம் முடங்கும். ஸ்டேக் பூலுக்கு டெலிகேட் செய்வதையும் (ரிவார்டுக்காகப் பங்கை ஒப்படைப்பது) தடுங்கள்: ரிவார்டு சேர்ந்துவிட்டால் 0 எடுக்க முடியாது, இருப்பு முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் என்ற வரிசை எண்களை ரிடீமரில் (ஸ்கிரிப்டுக்குப் பரிவர்த்தனையோடு தரும் தரவு) அனுப்பினால் ஸ்கிரிப்ட் தேட வேண்டியதில்லை. ஓட்டை விழுவதும் இங்கேதான். 0, 2, 3 என்ற எண்ணுள்ள மூன்றும் கான்ட்ராக்டின் இன்புட் என்று வைத்துக்கொள்வோம். ரிடீமரில் 0, 2 மட்டும் வந்தால்? 3-ஐ யாரும் பார்க்கவில்லை, ஸ்பெண்ட் வேலிடேட்டரோ வித்ட்ராயலைக் கண்டதும் விட்டுவிடும். ஆகவே இன்புட் பட்டியலை ஒருமுறை நடந்து, கான்ட்ராக்டின் கிரெடென்ஷியல் தென்படும்போதெல்லாம் ரிடீமரின் பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிடுங்கள். கடைசியில் மிச்சமிருந்தாலும் பற்றாவிட்டாலும் நிராகரியுங்கள்.

அவுட்புட் எண்கள் கண்டிப்பாக ஏறுவரிசையில் இருக்க வேண்டும். தலா 100 அடா கேட்கும் இரண்டு விற்பனைகளை ஒரே 100 அடா அவுட்புட்டைக் காட்டி ஏமாற்றும் பழைய வித்தைக்கு இதுவே பூட்டு.

ஸ்கிரிப்டை ரெஃபரன்ஸ் ஸ்கிரிப்டாக (ஏற்கெனவே செயினில் உள்ளதைச் சுட்டுவது) வைத்தால், பரிவர்த்தனையின் 16,384 பைட் அளவு வரம்பில் இடம் மிஞ்சும்.

ரிடீமரைக் கடைசியில் கட்டுங்கள். லெட்ஜர் (கார்டானோவின் பேரேடு) இன்புட்களைப் பரிவர்த்தனை ஹாஷ் வாரியாக அடுக்கும். கட்டணத்துக்காக வாலட் சேர்க்கும் ஓர் இன்புட் நடுவில் நுழைந்தாலே அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும்.