முன்னவர் மாற்றிய ஜன்னலுக்கு நாம் கொடுக்கும் விலை

போன மாதம் எங்களுக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதி போனில் சில படங்களைக் காட்டினார்கள். மேற்கு லண்டனில், பெட்ஃபோர்டு பார்க்கில் ஒரு வீடு. சிவப்புச் செங்கல், ஓட்டுக் கூரை, வெள்ளைப் பெயிண்ட் அடித்த மர வேலி, வாசலில் வயதான மரம். "பின்பக்க ஜன்னல் எல்லாம் புதுசா போட்டிருக்காங்க அண்ணா. பிளாஸ்டிக், டபுள் கிளேசிங். நமக்கு ஒரு செலவும் இல்லை" என்றார் அந்தப் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருடங்களுக்கு முன் அதே பகுதியில் வீடு பார்த்துவிட்டு வந்து நானும் என் மனைவியிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன்.

கடன் வட்டி, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். இப்படிப்பட்ட பழைய வீட்டை வாங்குபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"இரண்டாம் தரம்தானே" என்று நினைப்பது

பெட்ஃபோர்டு பார்க் குடியிருப்பை 1875இல் ஜோனதன் கார் என்பவர் டர்ன்ஹாம் கிரீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கினார். இருந்த மரங்களை முடிந்தவரை காப்பாற்றித் தெருக்களை அமைத்தார்கள். பல வீடுகள் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா வரைந்தவை. 1960களில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் வேகம் இங்கேயும் எட்டிப் பார்த்தது. 1963இல் குடியிருப்பவர்கள் சங்கம் அமைத்துப் போராட, 1967இல் 356 வீடுகள் ஒரே வீச்சில் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏறின. அந்தத் தெருக்கள் இன்றும் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்தப் பாதுகாப்பு தேவை என்றே நான் இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வீடுகள் 'கிரேடு 2'. இரண்டு என்றதும் விதி கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அனுமதி வாங்கும் விஷயத்தில் முதல் தரத்துக்கு என்ன சட்டமோ அதேதான் இதற்கும். முகப்பு மட்டுமல்ல, மாடிப்படி, கணப்பு அடுப்பு, கதவு, பின்பக்கச் சுவர் எல்லாம் பட்டியலில் அடங்கும். வீட்டின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதி இல்லாமல் செய்வது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வக்கீலும் சர்வேயரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

நம் ஊரில் வீடு வாங்கினால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். இங்கே அதை சொலிசிட்டர், அதாவது வக்கீல், பார்க்கிறார் என்று நிம்மதியாக இருந்தேன். அவர் பத்திரத்தைப் பார்த்தார், உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் பதிவேட்டைத் தேடினார், விற்பவருக்குக் கேள்விகள் அனுப்பினார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இங்கிலாந்தில் சொலிசிட்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கமே இல்லை. வீட்டின் நிலையைச் சோதிக்கும் சர்வேயர் வந்தார், கூரை ஏறிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஆறு பிளாஸ்டிக் ஜன்னல்கள் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அனுமதிக் காகிதம் இருக்கிறதா என்று தேடுவது அவர் வேலை இல்லை. ஒருவர் காகிதத்தைப் பார்த்தார், இன்னொருவர் வீட்டைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. அது வாங்குகிற நம்முடைய வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜன்னல் பேச்சு வந்தபோது சொலிசிட்டர் ஓர் இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துக் கொடுத்தார். ஒருமுறை பணம் கட்டினால் போதும், கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் செலவை இன்சூரன்ஸ் தரும் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வீட்டின் விஷயமாக நாமே கவுன்சிலை அணுகினால் பாலிசி செல்லாது என்று அதில் ஒரு நிபந்தனை இருந்தது. படித்தேன், ஆனால் அதன் அர்த்தம் அப்போது உறைக்கவில்லை. பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டில் ஒரு சுவரைத் தொடவும் கவுன்சிலைத்தானே அணுக வேண்டும்?

இரண்டு வருடம் கழித்து சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவரைத் திறக்க விண்ணப்பித்தோம். பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரி வந்தார். மரியாதையாகப் பேசினார். தோட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தவர், "இந்த ஜன்னல்களுக்கு எப்போது அனுமதி வாங்கினீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

சாதாரண வீட்டில் அனுமதி இல்லாமல் செய்த வேலை பத்து வருடம் தாண்டினால் கவுன்சில் கை வைக்க முடியாது என்பது இன்றைய விதி. பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீட்டில் அந்தக் காலக்கெடு கிடையாது. செய்தவர் மீதுதான் குற்ற வழக்கு வரும், ஆனால் பழையபடி மாற்று என்ற நோட்டீஸ் இன்றைய உரிமையாளர் பெயருக்கு வரும். எங்களுக்கு வந்தது. இன்சூரன்ஸ் கைவிரித்தது. மேலும் கீழும் சரியும் மர ஜன்னல்கள் ஆறு, தச்சர் கூலியோடு 13,000 பவுண்டு ஆனது.

பட்டியலில் ஏறிய தேதிக்கு முன்பே செய்த மாற்றத்துக்கு அனுமதி தேவையில்லை. ஆனால் பிளாஸ்டிக் ஜன்னல் இந்த நாட்டில் பரவியது 1980களில், இந்த வீடுகள் பட்டியலில் ஏறியது 1967இல். ஆக அந்த ஜன்னலைப் பார்த்ததுமே கேள்வி எழ வேண்டும்.

செய்ய வேண்டியது ஒரு நாள் வேலை. பாரம்பரியக் கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வைத்திருக்கும் தேசியப் பட்டியலில் அந்த வீட்டின் பதிவை இலவசமாகப் பாருங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அந்த முகவரிக்கு இதுவரை கொடுத்த அனுமதிகளைத் தேடி எடுங்கள். அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள். புதிதாகத் தெரிவது எதற்கும் காகிதம் இல்லையென்றால், எக்ஸ்சேஞ்சுக்கு (இரு தரப்பும் விற்பனை ஒப்பந்தத்தைக் கைமாற்றி உறுதியாக்கும் கட்டத்துக்கு) முன் விற்பவர் அதைச் சரிசெய்யட்டும், அல்லது விலையில் குறைக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் முடிந்தபின் விலகினால், பெரும்பாலும் விலையில் பத்து சதவீதமான முன்பணம் போய்விடும்.

அந்தத் தம்பதி தேடிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு அனுமதி எதுவும் இல்லை. விற்பவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கவுன்சில் என்று கேட்காமல் இருப்பது

பெட்ஃபோர்டு பார்க் ஈலிங், ஹௌன்ஸ்லோ என்ற இரண்டு கவுன்சில்களின் எல்லையிலும் பரவிக் கிடக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

சிமெண்ட் பூசுவது

அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருந்தும். செங்கல் இடுக்கில் சிமெண்ட் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், அப்புறம் குளிர்காலத்தில் உறைந்து செங்கல் முகம் பொரிந்து உதிரும். சுவர் ஓதம் காக்கிறது என்று மருந்து ஊசி போட வருபவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மரம்

ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு அறிவிக்காமல் கிளையைக்கூட வெட்டாதீர்கள்.

வாங்கிய விலைக்கு இன்சூரன்ஸ் எடுப்பது

தேவையானது மறுபடி கட்டும் செலவு. அதே செங்கல், அதே ஓடு, அதே மரவேலை என்று கட்டச் சொல்வார்கள். இணையத்தில் கிடைக்கும் சாதாரணக் கணக்கு இதற்கு உதவாது. பழைய கட்டடம் தெரிந்த சர்வேயரிடம் எழுதி வாங்குங்கள்.