பிடி கொடுக்காத நையாண்டி: தெருக்கூத்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் நகரத்திலோ நுவரெலியா கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலிலோ அரசை நையாண்டி செய்து கூத்துப் போட்டால், அதிகாரிக்கு இரண்டே வழி மிஞ்ச வேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லலாம். இல்லை, சிரிப்புக்குப் பயந்து கைவைத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளலாம். நாமே ஒரு குற்றத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டால் கூத்து மறந்துபோகும், வழக்குத்தான் நிற்கும்.

முதல் தவறு, குறி தப்புவது. தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைக் கிண்டல் செய்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே சிரிக்கும், கொழும்பிலுள்ள அரசு அசையாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 900 ரூபா அடிப்படை, 100 ரூபா கொடுப்பனவு என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி போட்டது அரசு. அப்படியான வர்த்தமானித் தாளைக் கொழுந்து நிறுக்கும் முள் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். முள் நகராது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குப் பாரம், ஈரம் என்று எடையைக் கழிப்பதை நினைவூட்டி, "சாக்குக்கும் தண்ணிக்கும் கழித்தால் மிச்சம் எவ்வளவுங்க?" என்று ஒருவர் கேட்டால் போதும், அதற்கு மேல் வசனம் வேண்டாம். டிஜிட்டல் தராசு எடுக்காதீர்கள், பின்வரிசைக்கு எண் தெரியாது. முள்ளுக்குச் சிவப்புப் பூசுங்கள். ஒரு பதாகையாவது சிங்களத்தில் இருக்கட்டும்; விளங்காத கூத்தை இனப் பிரச்சினையாகத் திரிப்பது சுலபம்.

அசல் காக்கிச் சீருடை, ரூபா நோட்டின் நகல் இரண்டும் வேண்டாம். கூடை அளவு காகிதத் தொப்பியே அதிகமாகச் சிரிக்க வைக்கும்.

தப்பு மேளம் அடித்தபடி வரிசையாக நடந்தால் அது ஊர்வலம். தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அறிவித்தல்தான், அனுமதி கேட்பதல்ல. எழுத்தில் கொடுத்து, பிரதியில் நேரம் போட்டு ஒப்பம் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் தேவை.

மதத்தைத் தொடுவதுதான் மிக ஆபத்தான பிடி. 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய, மதத்தை இழிவுபடுத்தினார் என்று ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் (மத, இன வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம்) கைதானார். அந்தச் சட்டத்தில் வழமையாக நீதவான் பிணை தர முடியாது. மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கும்போது ஒரு மாதம் தாண்டியிருந்தது. அந்தக் கைது அநியாயம், ஆனால் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. மலையகத்தில் சமயச் சடங்காக ஆடும் காமன் கூத்தின் ரதி, மதன் வேடங்களையும் இதற்குள் இழுக்காதீர்கள். முதலில் நோவது நம்ம சனத்துக்குத்தான்.

சட்டம் முழுக்க எதிராக இல்லை. 1992 ஜூலை 1இல் 'ஜனகோஷா' என்று 15 நிமிடம் மணியடித்து, ஹோர்ன் அடித்து, மேளம் தட்டி அரசை எதிர்த்தார்கள். பொலிஸ் மேளத்தைப் பறித்தது. அந்தச் சத்தமும் கருத்து வெளிப்பாடே, தடுத்தது உரிமை மீறல் என்று 1993இல் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே வேடம் போடாத ஒருவர் தொடக்கத்திலிருந்தே போனில் படம்பிடிக்கட்டும். பொலிசோடு பேச இன்னொருவர் தனியாக இருக்கட்டும். கோமாளி வேடத்திலேயே பதில் சொல்வது பலருக்குப் பழகிய தவறு. தப்பு மேளத்தைப் பறித்தால் அதிகாரியின் இலக்கத்தைக் குறியுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதமே தவணை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.