'பௌதிகவியல் உடைந்தது' என்று செய்தி வந்தால் என்ன செய்வது?

வெள்ளவத்தையில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறவனிடம் ஞாயிறு காலையில் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் பாடத்திட்டத்தில் இருக்காது. "சேர், ஐன்ஸ்டீன் பிழையாம்." "சேர், கடவுள் துணிக்கைக்குத் தம்பி ஒண்டு இருக்காம்." "சேர், மைக்ரோசொப்ட் புதுசா ஒரு சடநிலை செய்திட்டுதாம்." விசாரித்தால், கனடாவில் இருக்கிற யாரோ ஒரு பெரியப்பா குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்ட யூரியூப் காணொளியில் போய் முடியும். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளவும் முடியாது, சில செய்திகள் உண்மையிலேயே பெரிய செய்திகள். பிரித்துப் பார்ப்பதற்கு நான் வகுப்பில் காட்டிக் கொடுக்கிற முறையை இங்கே எழுதுகிறேன். உயர்தரக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில் காணொளியை மூடிவிடுங்கள். அதிலிருந்து உங்களுக்குத் தேவை பரிசோதனையின் பெயர் மட்டும்: சீடிஎஃப், அட்லஸ், சீஎம்எஸ், மியுவோன் ஜி-2, இப்படி ஏதாவது ஒன்று. பெயரே சொல்லாமல் 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்று மட்டும் சொன்னால் அந்தச் செய்தியோடு நேரம் கழிக்க வேண்டாம். பெயர் கிடைத்ததும், ஆய்வுக்கட்டுரைகளைப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் தேடுங்கள். 1991இலிருந்து இயங்கும் தளம், காசு கேட்காது, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. முழுக் கட்டுரையை இறக்கி டேட்டாவைச் செலவழிக்காதீர்கள். சுருக்கம் மட்டும் போதும். 100ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேருமுன் வாசித்து முடிக்கலாம்.

சுருக்கத்தில் கண் தேட வேண்டியது ± என்ற குறியை. அளந்த எண்ணும் அதன் வழுவும் அங்கேதான் இருக்கும்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுகூடத்துச் சீடிஎஃப் குழு டபிள்யூ போசன் என்ற துணிக்கையின் திணிவை வெளியிட்டது. உலகமெங்கும் 'நியம மாதிரி ஆட்டம் காண்கிறது' என்று தலைப்புப் போட்டார்கள். நியம மாதிரி என்பது துணிக்கைகளையும் அவற்றின் விசைகளையும் விளக்கும் இன்றைய கோட்பாடு. கட்டுரையின் சுருக்கத்தில் இருந்த எண் இது: 80,433.5 ± 6.4 ± 6.9 மெகா இலத்திரன்வோல்ற்று. வழு இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது, எண்ணிப் பார்த்த நிகழ்வுகளின் தொகை ஒரு அளவோடு நிற்பதால் வருவது. அவர்கள் எண்ணியது சுமார் 40 இலட்சம் டபிள்யூ போசன்களை, அதனால்தான் அந்த வழு இவ்வளவு சிறிது. இரண்டாவது கருவியாலும் எடுகோள்களாலும் வருவது. இரண்டையும் அப்படியே கூட்டக்கூடாது. வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 40.96 உடன் 47.61, மூலம் எடுத்தால் 9.4.

நியம மாதிரி சொல்லும் எண் 80,357, அதற்கும் 6 வழு உண்டு. இரண்டு எண்களுக்கும் இடையே 76.5. இரண்டு வழுக்களையும் முன்போலவே சேர்த்தால் 11.2. 76.5ஐ 11.2ஆல் வகுத்தால் 7க்குக் கிட்ட வரும். விலகல் வழுவின் எத்தனை மடங்கு என்பதே சிக்மா, செய்தியில் '7 சிக்மா' என்று அலறியது இதைத்தான். கணிப்பான் இல்லாமல் பரீட்சை எழுதப் பழகிய பிள்ளைக்கு இது தாளிலேயே முடிகிற வேலை.

இப்போது வேறு யாராவது அதே பொருளை அளந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். என்னைக் கேட்டால் முழு முறையிலும் இதுதான் முக்கியமான படி, காணொளிக்காரர் ஒருவரும் செய்யாத படியும் இதுதான். சேர்ன் ஆய்வுகூடத்தின் சீஎம்எஸ் குழு 2024 செப்டெம்பரில் சொன்னது: 80,360.2 ± 9.9. வழு ஏறத்தாழச் சீடிஎஃபின் அளவுதான், எண்ணோ நியம மாதிரிக்குப் பக்கத்தில். அட்லஸ் குழுவின் எண்ணும் அந்தப் பக்கமே. சீடிஎஃபையும் சீஎம்எஸ்ஸையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் 5 சிக்மாவுக்கு மேல் போகும், நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆகவே சண்டை இயற்கைக்கும் கோட்பாட்டுக்கும் இடையில் என்பதை விட, ஒரு பரிசோதனைக்கும் மற்றப் பரிசோதனைகளுக்கும் இடையில் என்றே சொல்ல வேண்டும். சீடிஎஃபில் பிழை எங்கே என்று இதுவரை ஒருவரும் விரல் வைத்துக் காட்டவில்லை. அந்தத் தெவத்ரோன் ஆர்முடுக்கியை 2011இலேயே நிறுத்திவிட்டார்கள், திரும்ப ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

சிக்மா எத்தனை இருந்தால் நம்பலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். துணிக்கைப் பௌதிகவியலில் 3 வந்தால் 'தடயம்', 5 வந்தால் 'கண்டுபிடிப்பு' என்று ஒரு வழக்கம். 3 என்றால், புதிதாக ஒன்றுமே இல்லாமல் தற்செயலாக இப்படி ஒரு ஏற்றம் வருவதற்கான நிகழ்தகவு சுமார் 740இல் 1. 5 என்றால் சுமார் 35 இலட்சத்தில் 1. 2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் போசனை அறிவித்தபோது அட்லஸ், சீஎம்எஸ் இரண்டும் தனித்தனியே 5ஐத் தொட்டிருந்தன. அடுத்த வருடமே ஹிக்ஸுக்கும் எங்லேருக்கும் நோபல் கிடைத்ததற்கு அந்த இரட்டைச் சாட்சி ஒரு முக்கிய காரணம்.

740இல் 1 என்பது அரிது மாதிரித் தெரியும். ஆனால் ஒரு வரைபில் நூற்றுக்கணக்கான இடங்களைத் துழாவினால் எங்காவது ஒரு மேடு வரத்தான் செய்யும். 2015 டிசம்பரில் 750 கிகா இலத்திரன்வோல்ற்றில் இரண்டு போட்டன்கள் சேர்ந்து ஒரு மேட்டைக் காட்டின. அட்லஸில் அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 3.6 சிக்மா, துழாவிய இடம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் சுமார் 2. செய்தியில் வந்தது முதல் எண். கோட்பாட்டுக்காரர்கள் 500க்கு மேல் கட்டுரை எழுதித் தள்ளினார்கள். 2016 ஓகஸ்டில் புதிய தரவு வந்தது, மேடு காணாமல் போனது. கட்டுரையில் 'உள்ளூர்', 'முழு' என்று இரண்டு சிக்மா கொடுத்திருந்தால் சிறியதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, 6 சிக்மா வந்துவிட்டது, இனி நம்பலாமா? ஆய்வுகூடத்தில் நுண்மானித் திருகுக்கணிச்சியால் கம்பியின் விட்டத்தைப் பத்துத் தரம் அளக்கிறீர்கள், பத்தும் ஒரே மாதிரி வருகிறது, பூச்சிய வழுவை மட்டும் பார்க்கவில்லை. பத்தும் ஒரே அளவு பிழை. 2011 செப்டெம்பரில் ஒபேரா குழுவுக்கு நடந்ததும் இதுதான். ஜெனீவாவிலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை 730 கிலோமீற்றர் ஓடி வந்த நியூத்திரினோ என்ற மிக இலேசான துணிக்கைகள் ஒளியை விட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக அளந்தார்கள். 15,000க்கு மேல் நிகழ்வுகள், 6 சிக்மா. கடைசியில் பார்த்தால், ஜீபீஎஸ் நேரத்தைக் கொண்டுவந்த ஒளியியல் நார் வடம் ஒன்று சரியாக இறுக்கப்படாமல் இருந்தது. அதே கிரான் சாசோவில் இருந்த இக்காரஸ் குழு 2012 மார்ச்சில் தன் கருவியால் அளந்து, நியூத்திரினோ ஒளியை முந்தவில்லை என்றது. சிக்மா எத்தனை ஏறினாலும் தளர்ந்த வடத்தைக் காட்டிக் கொடுக்காது. வேறு கருவி, வேறு ஆட்கள் அளந்தால்தான் அது தெரியவரும். ஒபேராக் குழுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதல் நாளே 'எங்களால் பிழையைக் காண முடியவில்லை, மற்றவர்கள் பாருங்கள்' என்றுதான் வெளியிட்டார்கள். ஐன்ஸ்டீனை வீழ்த்தியது தலைப்பு எழுதியவர்கள்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது, ஆனால் இன்றைய விவாதங்களில் பாதி இதற்குள் இருக்கிறது. கோட்பாடு சொல்லும் எண்ணுக்கும் வழு உண்டு, அந்த எண் மாறவும் செய்யும். மியுவோன் என்பது இலத்திரனின் பாரமான உறவு. அதன் காந்தத் திருப்பம் எவ்வளவு என்பதே ஜி-2 பரிசோதனையின் கேள்வி. சுமார் 15 மீற்றர் விட்டமுள்ள காந்த வளையத்தை 2013இல் நியூயோர்க் பக்கமிருந்து கடலாலும் மிசிசிப்பி ஆற்றாலும் பிறகு வீதியாலும் சிக்காகோ பக்கம் கொண்டுபோனார்கள், வளையம் நெளியாமல். 2021 ஏப்ரல் 7இல் முதல் முடிவு: பழைய அளவீட்டோடு சேர்த்தால் கோட்பாட்டிலிருந்து 4.2 சிக்மா விலகல். 'ஐந்தாவது விசை' என்று எல்லா இடமும் ஒரே பேச்சு.

அதே நாளில் புடாபெஸ்ட், மார்செய், வுப்பெர்ட்டால் குழுவின் ஒரு கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. குவார்க்குகளின் (புரோத்தனுக்குள் இருக்கும் துணிக்கைகளின்) பங்கை மீகணினியில் நேரடியாகக் கணித்தால் அந்த விலகல் பெருமளவு சுருங்குகிறது என்று அது சொன்னது. அதைப் பற்றி அன்று பேசியவர்கள் மிகக் குறைவு. 4.2 சிக்மா கணக்குக்கு எடுத்த கோட்பாட்டு எண், இலத்திரன்–பொசித்திரன் மோதல்களில் முன்பு அளந்த தரவுகளை நம்பி இருந்தது. 2023இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் சீஎம்டீ-3 குழு அதே மோதல்களைப் புதிதாக அளந்து, பழைய தரவுகளோடு ஒத்துப்போகாத எண்ணைச் சொன்னது. 2025இல் கோட்பாட்டுக் குழு மீகணினி வழிக்கு மாறி எண்ணைப் புதுப்பித்தது. 2025 ஜூன் 3இல் பரிசோதனையின் இறுதி முடிவு வந்தது, நூறு கோடியில் 127 பங்கு வழுவோடு. இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் கோட்பாட்டின் வழு பரிசோதனையின் வழுவை விட நாலு மடங்குக்கு மேல் பெரிது. மோதல் தரவுகள் ஏன் தமக்குள்ளேயே முரண்படுகின்றன என்பது இன்னும் தீரவில்லை. எனக்குப் பிடித்த புதிர் இதுதான். யூரியூப்பில் இதற்கு மவுசு இல்லை.

எனவே விலகல் என்று செய்தி வந்தால், எதிலிருந்து விலகல், அந்த எண்ணை யார் கணித்தது, எப்போது கணித்தது என்று கேளுங்கள்.

குவாண்டம் கணினிச் செய்திகளுக்குச் சிக்மா அவ்வளவு உதவாது. அங்கே கம்பனி அறிக்கையையும் ஆய்வுக்கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் மயோரானா 1 என்ற குவாண்டம் கணினிச் சில்லை அறிவித்தபோது அறிக்கை புதிய சடநிலை என்று ஒரு கதை சொன்னது. கூடவே வந்த 'நேச்சர்' கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பிலோ, இந்த முடிவுகள், அந்தச் சில்லு நம்பியிருக்கும் மயோரானா நிலைகள் இருப்பதற்குச் சான்று ஆகாது என்று ஆசிரியர் குழுவே குறிப்புப் போட்டிருந்தது. அந்தக் கோப்பு இலவசம், யாரும் இறக்கலாம். 2024 டிசம்பரில் வந்த கூகிளின் வில்லோ சில்லு வேறு வகை: 105 கியூபிட் (குவாண்டம் கணினியின் பிற்று), 'மீகணினிக்குக் கோடானுகோடி ஆண்டு எடுக்கும் வேலை 5 நிமிடத்தில்' என்பதுதான் தலைப்பு. அந்த வேலையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. கியூபிட் கட்டத்தை 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்று பெரிதாக்க வழு ஒவ்வொரு தடவையும் சுமார் பாதியாகக் குறைந்தது என்பதே அதிலுள்ள நல்ல சரக்கு, அதைத் தலைப்பில் போடவில்லை.

குவாண்டம் கோட்பாட்டுக்கு எது சரியான விளக்கம், பல உலகங்களா, கொப்பன்ஹேகனா என்ற சண்டையைப் பிள்ளைகள் கொண்டுவந்தால், இரண்டும் பரிசோதனைக்கு ஒரே விடையைத்தான் சொல்கின்றன, தேநீர் குடித்தபடி பேசலாம் என்று விட்டுவிடுவேன்.

கடைசியாக, ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். ஒரு செய்திக்கு ஒரு பக்கம்: திகதி, பரிசோதனை, எண், வழு, சிக்மா, வேறு யார் அளந்தார்கள். கீழே பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள், பிறகு தேவைப்படும். சேர்னின் எல்எச்சீபீ குழு 2025இல், புரோத்தன் இனத்துத் துணிக்கைகளான பாரியோன்களில் சடமும் எதிர்ச்சடமும் வேறுவிதமாகச் சிதைவதை 5.2 சிக்மாவில் காட்டியது. அந்தப் பக்கத்தில் 'கண்டுபிடிப்பு' என்று எழுதலாம், 'அண்டம் ஏன் இருக்கிறது என்ற புதிர் தீர்ந்தது' என்ற தலைப்பை எழுதக்கூடாது. இப்படி நடக்கும் என்று நியம மாதிரியே எதிர்பார்த்தது. சிசிலிக்கு அப்பால் கடலடியில் இருக்கும் கேஎம்3நெட் கருவியில் 2023 பெப்ரவரி 13இல் விழுந்த, சுமார் 220 பெட்டா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள நியூத்திரினோ இன்னொரு பக்கம். ஒரே ஒரு நிகழ்வு. அதைவிட நீண்ட காலமாகத் தென்துருவத்தில் காத்திருக்கும் ஐஸ்கியூப் கருவி அவ்வளவு சக்தியில் ஒன்றையும் காணவில்லை.

டெசி கருவியின் இருண்ட சக்திப் பக்கம் திறந்தே இருக்கட்டும். அண்டம் விரிவதை வேகப்படுத்துவதாகக் கருதப்படுவதே இருண்ட சக்தி. இருண்ட சக்தி காலத்தோடு மாறுகிறதா என்பதற்கு 2025 மார்ச்சில் அவர்கள் தந்த விடை 2.8 முதல் 4.2 சிக்மா வரை, எந்தச் சுப்பர்நோவாப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து. '4.2' மட்டும் போட்ட செய்தி குழுவில் வந்தால், எந்தப் பட்டியல் என்று பெரியப்பாவிடம் கேட்டு ஒரு வரி போடுங்கள்.