பிரான்சில் தலைவாசல் கதவு மாற்றப் போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் வேறு, அகோம்ப்த் வேறு

லீவில் புதுச்சேரி முத்தியால்பேட்டை வந்து பத்து நாளாகிறது. எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் பாரீஸ் கிளம்புகிறான். ஃப்ளாட் வாங்க இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். "வாங்கினதும் தலைவாசல் கதவ மாத்திடணும்ணே, நம்ம ஊரு மாதிரி" என்றான். நான் சிரித்ததில் அவனுக்குக் கோபம். திண்ணையில் உட்கார வைத்து அவனிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வாடகை வீடென்றால் கதவில் கை வைக்காதீர்கள். பழசாகி இற்றுப்போனால் அது வீட்டுக்காரர் செலவு. உங்கள் ஆசைக்கு மாற்றுவதானால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்று: நம்மூர்த் தாழ்ப்பாள் பழக்கத்தோடு அங்கே இருக்க முடியாது. பல கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகுகிற பிடியே இருக்காது, காற்றில் சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. குப்பை கொட்டப் போனாலும் சாவி பையில் இருக்கட்டும். தபால் பெட்டியில் மூவர்ணக் கோடு போட்டு, மேரியே (நகராட்சி அலுவலகம்) அனுப்பியது போல பூட்டுக்காரர் சீட்டு விழும். அந்த நம்பரைக் கூப்பிட்டுத் தண்டம் அழுதவர்கள் ஏராளம். நான் ஒருநாள் லுங்கியோடு வெளியே மாட்டிக்கொண்டபோது, மேல்மாடிக்காரர் ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இடுக்கில் விட்டு ஆட்டி, இரண்டு நிமிடத்தில் திறந்துவிட்டார். அவருடைய முழங்கால் படமாம்.

சொந்த ஃப்ளாட் என்றால் முதலில் கட்டடத்தின் ரெக்ளமானை, அதாவது விதிமுறைப் பத்திரத்தை, படியுங்கள். கதவு உங்களுடையதாக இருக்கலாம், அதன் வெளிமுகம் உங்கள் இஷ்டம் அல்ல. பெரும்பாலான கட்டடங்களில் மாடிக்கு மாடி ஒரே நிறம், ஒரே மாதிரி. மீறினால் கட்டடத்தை நிர்வகிக்கிற சாந்திக்கிடமிருந்து கடிதம் வரும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் உரிமையாளர்கள் கூட்டத்தில் வைத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டமோ பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்று.

செலவுக் கணக்கில் கதவின் விலை மட்டும் இல்லை. பழையதைக் கழற்றி எடுத்துப் போவது, பூட்டு, கூலி, வரி எல்லாம் தெவியில் (வேலைக்கு முன் எழுதித் தரும் விலைப்பட்டியல்) தனித்தனியாக இருக்கட்டும். கட்டி 2 வருடத்துக்கு மேலான வீட்டில், வேலை செய்கிற ஆளே கதவையும் கொண்டுவந்து மாட்டினால் வரி 10 சதவீதம். நீங்களே கடையில் கதவை வாங்கினால் அதற்கு 20. பழைய நிலைச்சட்டத்தை விட்டுவிட்டு அதன்மேல் புதுச் சட்டம் பொருத்தினால் கூலி குறையும், வழியும் கொஞ்சம் குறுகும். சோபா உள்ளே போகுமா என்று அளந்துகொள்ளுங்கள். பூட்டில் ஏ2பி முத்திரை பாருங்கள். ஒரு நட்சத்திரம் 5 நிமிடம், இரண்டு 10, மூன்று 15 நிமிடம் திருடனைத் தாக்குப்பிடிக்கும் என்று சோதித்துக் கொடுப்பது. எது வேண்டும் என்பதை உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸ் பத்திரம் சொல்லும். தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

இனி என் கதை.

2011 கடைசியில் 'தானே' புயல் அடித்ததில் பண்ருட்டிப் பக்கம் பெரியப்பா தோப்பில் பலா மரங்கள் சாய்ந்தன. ஒன்றை அறுத்து, உலர்த்தி, அப்பா எங்கள் வீட்டுக்குக் கதவு செய்தார். ஆசாரி திண்ணையிலேயே உட்கார்ந்து தாமரை செதுக்கினார். மழைக்காலத்தில் ஊதி, தோளால் இடித்தால்தான் திறக்கும். ஆனாலும் அது கதவு. பாரீஸ் புறநகர் சார்செல்லில் நான் வாங்கிய ஃப்ளாட்டின் கதவோ அலமாரிப் பலகை மாதிரி இருந்தது. அந்தக் குறை மனதில் இருந்த நேரத்தில் ஒரு ஃபுவாரில் (விற்பனைக் கண்காட்சி) சுற்றப் போனோம். அங்கே ஒரு கடையில் இரும்புக் கதவு, மேலே தேக்கு நிறப் பலகை, நடுவில் பூ வேலைப்பாடு. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே விற்பனையாளர் ஆளைப் புரிந்துகொண்டார். 3,900 யூரோ, "இன்று மட்டும்". 30 சதவீதம், 1,170 யூரோ, அங்கேயே கார்டைத் தேய்த்தேன்.

மறுநாள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற கார்தியென் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். மூன்றாம் மாடியில் ஒருவர் சிவப்பு அடித்து, திரும்பப் பழுப்பு அடித்த கதையைச் சொன்னார். சரி, 14 நாளுக்குள் ரத்து செய்யலாமே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து விற்பவனிடம் கையெழுத்துப் போட்டால் அந்த 14 நாள் உண்டு. ஃபுவாரில் கிடையாது! கடையில் ஏ3 அளவில் எழுதி மாட்டியிருந்தார்கள், ஒப்பந்தத்தின் தலையில் கட்டம் போட்டும் அச்சடித்திருந்தார்கள். நான் பூவைப் பார்த்தேன், கட்டத்தைப் பார்க்கவில்லை.

போகட்டும், அட்வான்ஸ்தானே, 1,170 யூரோவோடு தலைமுழுகிவிடலாம் என்றேன். நம் ஊரில் அப்படித்தானே? அங்கே அந்தத் தாளில் ஒரு சொல் இருந்தது: அகோம்ப்த். கொடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது, முழு விலைக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர். 'ஆர்' என்று எழுதியிருந்தால் கொடுத்ததை விட்டுவிட்டு வெளியே வரலாம். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். நம்ம அட்வான்ஸ் மாதிரி இருப்பது அந்த 'ஆர்'தான்.

இன்னொன்று கேளுங்கள், இப்போதும் வயிறு எரிகிறது. கடைக்காரர் மாதத் தவணைக் கடன் தருகிறேன் என்றார். "நான் கடன் வாங்குற ஆள் இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தக் கதவுக்கென்றே அவர் மூலம் கடன் எடுத்திருந்தால், 14 நாளுக்குள் கடனை ரத்து செய்தாலே வியாபாரமும் சேர்ந்து ரத்தாகியிருக்கும். சட்டம் அப்படி.

நாலு பதிவுத் தபால், எண்ணிலடங்காத போன். கடைசியில் வெளிப்பலகையை மட்டும் பழுப்பாக மாற்றித் தர ஒத்துக்கொண்டார்கள், 640 யூரோ கூடுதலாக. மொத்தம் 4,540. அதே தரத்துக்கு எங்கள் தெருமுனை ஆள் பிறகு எழுதிக் கொடுத்த தெவி 2,700. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

தம்பிக்குச் சொன்னேன்: எந்தக் கதவானாலும் மூன்று தெவி வாங்கு, வீட்டுக்கு எடுத்து வந்து படி, அகோம்ப்த் என்று இருந்தால் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுப் போடு கையெழுத்தை. பிரெஞ்சு புரியாவிட்டால் எனக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்பு.

பூ வேலைப்பாடு உள்பக்கத்தில் இருக்கிறது, அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மேலே இரும்பில் ஆணி இறங்காது என்பதால் மாவிலைத் தோரணத்தை ஃப்ரிட்ஜ் காந்தம் இரண்டு வைத்து மாட்டியிருக்கிறாள் என் மனைவி. கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் விழுந்துவிடுகிறது.