ஆலிவ் சங்கை அடையாளம் காண ஒரு தையல் ஊசி போதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் கடல் சங்குக்குப் பஞ்சமில்லை. ராமேசுவரமோ கன்னியாகுமரியோ போய் வந்தவர்கள் வாங்கிய சங்குப் பை ஒன்று அலமாரியில் கிடக்கும். அதைத் தரையில் கொட்டுங்கள். அதிலிருந்து ஆலிவ் சங்கை, அதாவது மணலுக்குள் ஊரும் ஒரு கடல் நத்தையின் ஓட்டை, பிரித்தெடுக்க வெளிச்சமும் ஒரு தையல் ஊசியும் வேண்டும்.

நிறத்தை முதலில் மறந்துவிடுங்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் விவரித்த ஒலிவா ஒலிவா என்ற ஒரே ஆலிவ் இனத்திலேயே வெளிர் மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு.

பேரீச்சங்கொட்டையைப் போல நீண்டு உருண்டு, ஒரு பக்கம் நெடுகப் பிளவுள்ளவற்றை மட்டும் ஒதுக்குங்கள். அந்தப் பிளவுதான் வாய். அதன் இரு உதட்டிலும் பல்வரிசை இருந்தால் அது தாயம் ஆடும் சோழி. ஆலிவின் வெளி உதட்டில், அதாவது ஓடு முடியும் விளிம்பில், பல் கிடையாது. அதற்கு எதிரே உள்ள உள் உதட்டில், அடிப்பக்கமாக, சாய்ந்த மடிப்புகள் இருக்கும். விரலை ஓட்டினால் நெருடும். தோள் அகன்று கீழே குறுகி, உள் உதடு வழுவழுப்பாக இருந்தால் கூம்புச் சங்கு. உயிருள்ள கூம்பு நத்தைக்கு நஞ்சு உண்டு. வெற்று ஓட்டைப் பயமின்றித் தொடலாம்.

இனி ஊசி. சங்கின் குட்டையான உச்சியில் சுற்றுகள் ஒன்றோடொன்று சேரும் கோட்டில் ஊசி நுனியை வையுங்கள். ஆலிவ் என்றால் அங்கே கோடு இருக்காது, வாய்க்கால் இருக்கும். நுனி அதில் இறங்கி, வளைவோடு சேர்ந்து ஓடும். உயிரோடிருந்தபோது நத்தையின் சதை இழை ஒன்று அந்த வாய்க்காலில் படிந்திருந்தது. ஆன்சில்லா என்ற உறவுக்காரப் பேரினமும் இதே வடிவம்தான். ஆனால் அதன் உச்சியை மெழுகியதுபோல ஒரு பூச்சு மூடியிருக்கும், ஊசி வழுக்கிவிடும். என்னைக் கேட்டால், மற்ற அடையாளங்களைவிட இந்த ஒன்றையே நம்புவேன்.

பளபளப்பைக் கடைசியில் பாருங்கள். மணலுக்குள் ஊரும்போது ஆலிவ் நத்தை தன் பாதத்தின் மடல்களால் ஓட்டைப் போர்த்திக்கொள்வதால் அதற்கு இயற்கையாகவே மெருகு உண்டு. ஆனால் கடைக்காரர்கள் எந்தச் சங்குக்கும் வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். வெயிலில் கிடந்த ஆலிவோ மங்கிப்போயிருக்கும்.

கிருஷ்ணகிரி அணைக்கரையில் பொறுக்கியதாக யாராவது ஆலிவ் சங்கை நீட்டினால், அது யாரோ கொண்டுவந்து போட்டது. நம் ஏரி நத்தை உருண்டையானது, அகன்ற வாய் கொண்டது.

இனத்தின் பெயர் வேண்டுமானால் உச்சி, முதுகு, வாய் மூன்றையும் அளவுகோலோடு படம் எடுங்கள். வாயின் உட்புற நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிவா ஒலிவாவுக்கு முதுகு எந்த நிறமானாலும் அது பெரும்பாலும் அடர் பழுப்பு.